கமாண்டோ கையில் எந்தத் துப்பாக்கி? வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் கமாண்டோ படைகளின் பயிற்சி பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பயிற்சியைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்ற எல்லோருக்கும் துப்பாக்கிதான் வேண்டியிருக்கிறது. சரி, இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: உலகத்திலேயே சிறந்த கமாண்டோ துப்பாக்கி எது சார்? சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

ஒரே பெயர் சொன்னால் அது பொய்யாகிவிடும் தம்பி. விமானத்துக்குள் பயணிகளுக்கு நடுவே சுடுவது ஒரு வேலை, மலையில் 600 மீட்டர் தள்ளி இருப்பவனைச் சுடுவது இன்னொரு வேலை, கடலிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்து கரையேறி அடுத்த நொடியே சுடுவது மூன்றாவது வேலை. மூன்றுக்கும் ஒரே துப்பாக்கி சரிப்படாது. எது நம்பர் ஒன் என்று படைகள் கேட்பதே இல்லை. இந்த வேலையில் எது நம்மைக் கைவிடாது என்றுதான் கேட்கிறார்கள். அப்புறம் தோட்டா எங்கிருந்து வரும், உடைந்தால் உதிரிபாகம் யார் தருவார்கள், விற்கிற நாடு நாளைக்கும் விற்குமா என்பதெல்லாம் சேர்ந்துகொள்ளும்.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமில்லை. வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படையின் சீல் வீரர்களுக்கும் ரகசியப் பிரிவினருக்கும் ஸ்வீடனின் கார்ல் குஸ்தாவ் சப்-மெஷின் கன் (பிஸ்டல் தோட்டாவைச் சரமாரியாகச் சுடும் சின்னத் துப்பாக்கி) ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. 1966இல், போரைக் காரணம் காட்டி, இனி அமெரிக்காவுக்கு விற்பதில்லை என்று ஸ்வீடன் கையை விரித்துவிட்டது. அதே மாதிரி ஒன்றை உள்நாட்டிலேயே செய்து தரச் சொல்லி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியிடம் போக வேண்டியதாயிற்று. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் கைக்கு வராமல் போனது.

கேள்வி: எந்தப் படத்தில் கமாண்டோ வந்தாலும் கையில் எம்.பி.5தான் இருந்தது. இப்போது செய்திப் படங்களில் அதை அதிகம் காணோமே, ஏன்?
– மொபைல் கடைக்காரர், நாகர்கோவில்

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்து வைத்த எட்டுப் பேரை விமான தளத்தில் மடக்க மேற்கு ஜெர்மனி போலீஸ் நிறுத்தியது ஐந்தே ஐந்து துப்பாக்கிக்காரர்களை. அவர்களிடம் இருந்த துப்பாக்கிகளில் தொலைநோக்கி இல்லை, இருட்டில் பார்க்கும் கருவி இல்லை, ஒருவரோடு ஒருவர் பேச வயர்லெஸ்கூட இல்லை. பிணைக்கைதிகள் எல்லோரும் இறந்தார்கள். அந்த அடியில் பிறந்ததுதான் ஜி.எஸ்.ஜி.9 படை. ஐந்து வருடம் கழித்து, 1977 அக்டோபரில், கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்துக்குள் சோமாலியாவின் மொகதிஷுவில் அதே படை புகுந்து 86 பேரை உயிரோடு மீட்டது. கூட நின்று பார்த்த, பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். ஆட்கள் இருவருக்கு ஜெர்மன்காரர்களின் எம்.பி.5 சப்-மெஷின் கன் மேல் கண் விழுந்தது. அதுவரை அவர்கள் வைத்திருந்தது இங்ரம் என்ற சின்ன மெஷின் பிஸ்டல். அது தோட்டாவை வாரி இறைக்கும், ஆனால் குறி நிற்காது.

எம்.பி.5இன் மகிமை அதன் முதல் தோட்டாவில் இருக்கிறது. பழைய ஸ்டென், ஸ்டெர்லிங் போன்ற பிரிட்டிஷ் சப்-மெஷின் கன்களில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற இரும்புத் துண்டு) பின்னால் திறந்தபடி நிற்கும். டிரிக்கரை அழுத்தியதும் அந்தக் கனமான இரும்பு முன்னால் ஓடி இடித்த பிறகுதான் தோட்டா வெடிக்கும். அந்த ஓட்டத்திலேயே துப்பாக்கி ஒரு குலுக்குக் குலுங்கி, பார்த்த இடம் நகர்ந்துவிடும். எம்.பி.5 ரைஃபிள் மாதிரி, போல்ட் ஏற்கெனவே மூடியிருக்கும். அழுத்தினால் வெடிக்கும், அவ்வளவுதான். தீவிரவாதியின் முகத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் பிணைக்கைதியின் முகம் இருக்கும்போது இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

1980 மே 5ஆம் தேதி லண்டனில் ஈரான் தூதரகத்துக்குள் எஸ்.ஏ.எஸ். புகுந்ததை டி.வி. நேரடியாகக் காட்டியது. கறுப்பு உடை, முகமூடி, கையில் எம்.பி.5. அதற்கப்புறம் உலகத்தில் இருக்கிற எல்லாப் படைக்கும் அதே வேண்டியதாகிவிட்டது. நம் என்.எஸ்.ஜி.யும் அதையே வாங்கியது. ஆனால் அன்று டி.வி.யில் சரியாகத் தெரியாத ஒன்று உண்டு. கட்டடத்தின் பின்பக்கம் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கிய ஒருவருக்குக் கயிறு சிக்கிக்கொண்டது. கீழேயும் போக முடியாமல் மேலேயும் வர முடியாமல் ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறார். உள்ளே வீசிய அதிர்ச்சிக் குண்டில் திரைச்சீலை பற்றி, அந்தத் தீ ஜன்னல் வழியாக வெளியே வந்து அவர் கால்களைச் சுடுகிறது. மேலே இருந்தவர்கள் கயிற்றை அறுத்துவிட்டார்கள், பால்கனியில் விழுந்தவர் எழுந்து உள்ளே போய் வேலையை முடித்தார். எம்.பி.5 பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அந்தக் கயிற்றைப் பற்றி இரண்டு வரிகூட எழுத மாட்டார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எம்.பி.5 போடுவது பிஸ்டல் தோட்டா, 9 மி.மீ. வேகம் நொடிக்கு 400 மீட்டர் வாக்கில். எதிரி வெறும் சட்டை போட்டிருந்தவரை அது போதும். குண்டு துளைக்காத ஜாக்கெட் மலிவாகி எதிரியும் அதைப் போட ஆரம்பித்ததும் போதாமல் போயிற்று. 5.56 மி.மீ. ரைஃபிள் தோட்டா நொடிக்கு 900 மீட்டரை ஒட்டிப் போகும். ரைஃபிளையே குட்டையாக்கி, கிட்டத்தட்ட எம்.பி.5 அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, அதே ஆயுதத்தை அறைக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம், தெருவின் மறுமுனைக்கும் சுடலாம். அப்புறம் எம்.பி.5 எதற்கு? சில வேலைகளுக்கு இன்னமும் இருக்கிறது, ஒழிந்துவிடவில்லை.

கேள்வி: எம்4, எச்.கே.416 இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன, தோட்டாவும் ஒன்று. பிறகு எதற்கு அமெரிக்க டெல்டா படை 416க்கு மாறியது?
– டிப்ளமோ மெக்கானிக்கல், திருப்பூர்

மெக்கானிக்கல் படித்தவருக்கு இது பிடிக்கும். தோட்டா வெடித்ததும் குழலுக்குள் வரும் வாயுவில் கொஞ்சத்தைத் திருடித்தான் இரண்டுமே அடுத்த தோட்டாவை ஏற்றுகின்றன. எம்4இல் அந்த வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பின்னால் வந்து நேராக போல்ட் இருக்கும் இடத்துக்குள்ளேயே ஊதும். சூடு, கரி, புகை எல்லாம் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்காரும். 416இல் வாயு முன்பக்கத்திலேயே ஒரு பிஸ்டனைத் தள்ளிவிட்டு வெளியேறிவிடும், பிஸ்டன் தண்டு மட்டும் பின்னால் வந்து போல்டைத் தட்டும். உள்ளே சுத்தமாக இருக்கும்.

சாதாரண சிப்பாய்க்கு எம்4 போதும், தினமும் துடைத்தால் ஓடிக்கொண்டே இருக்கும். டெல்டாவின் தேவை வேறு. அவர்களுக்குக் குழல் 10 அங்குலம் அளவுக்குக் குட்டையாக வேண்டும், அதன் முனையில் சைலன்சரும் வேண்டும். குழல் குட்டையானால் வாயுவின் அழுத்தம் எகிறும், சைலன்சர் போட்டால் வாயு வெளியே போக முடியாமல் பின்னால் திரும்பும். இரண்டும் சேர்ந்தால் எம்4 சீக்கிரம் திணறும். அதனால் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் கம்பெனியோடு உட்கார்ந்து 416ஐச் செய்ய வைத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமை 2004இல் போட்டி வைத்து பெல்ஜியத்தின் எஃப்.என். ஸ்கார் ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தது. நல்ல துப்பாக்கி, யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் 2010இல் அதன் 5.56 மி.மீ. வகையை இனி வாங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். கையில் இருக்கும் எம்4ஐ விட அது சிறந்ததுதான், செலவழிக்கிற காசுக்கு ஏற்ற அளவு சிறந்ததாக இல்லை என்பது கணக்கு. 7.62 மி.மீ. வகையை மட்டும் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அந்தப் பெரிய தோட்டாவின் வேலையை எம்4 செய்யாது. எனக்குத் தெரிந்து ஆயுத வாங்கலில் இவ்வளவு நிதானமாக யோசித்த முடிவு அதிகம் இல்லை.

கேள்வி: சைலன்சர் போட்டால் பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காதாமே?
– இல்லத்தரசி, கும்பகோணம்

சினிமாவில் கேட்காது. ரைஃபிள் வெடிச் சத்தம் 160 டெசிபலுக்கு மேல் போகும், நல்ல சைலன்சர் அதில் ஒரு 30 குறைக்கும். மிச்சமே காதைப் பதம் பார்க்கிற அளவுதான். தவிர, தோட்டா ஒலியை விட வேகமாகப் போனால் காற்றைக் கிழிக்கிற 'படார்' சத்தம் தனியாக வரும், அதைக் குழல் முனையில் எதை மாட்டியும் நிறுத்த முடியாது. எம்.பி.5இன் சைலன்சர் வகையில் குழலிலேயே 30 சிறு துளைகள் போட்டு வாயுவைக் கசியவிட்டு, தோட்டாவின் வேகத்தையே ஒலிக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். அது உண்மையிலேயே அமைதியானது, பதிலுக்குத் தோட்டாவின் வலு குறையும். கமாண்டோக்கள் சைலன்சர் மாட்டுவதற்குப் பெரிய காரணம் ஒளிந்து கொல்வது இல்லை. எங்கிருந்து சுடுகிறார்கள் என்று எதிரிக்குத் திசை தெரியாது, இருட்டில் குழல் முனைத் தீப்பொறி தெரியாது, பக்கத்தில் நிற்கிற சகாவின் குரலும் வயர்லெஸ்ஸும் காதில் விழும்.

கேள்வி: எங்கள் ஊர் ஃபேக்டரியில் செய்யும் துப்பாக்கி நம் கமாண்டோக்களுக்குப் போகிறதா? எதற்கெடுத்தாலும் வெளிநாட்டு ஆயுதம்தானா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருச்சி

ஐயா, திருச்சி படைக்கலத் தொழிற்சாலை 1960களிலிருந்து நாட்டுக்குத் துப்பாக்கி செய்து தருகிறது. நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிள் அங்கேயும் தயாரானது. ஏ.கே. பாணியில் அவர்களே செய்த 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' துணை ராணுவத்துக்கும் போலீசுக்கும் போயிருக்கிறது. ஆனால் ராணுவத்தின் பாரா சிறப்புப் படை என்று வந்தால் இஸ்ரேலின் டேவர், அமெரிக்காவின் எம்4, அப்புறம் எங்கும் எப்போதும் ஏ.கே. இவைதான்.

ஏ.கே. மேல் நம் ராணுவத்துக்கு வந்த பிடிப்புக்கு ஒரு பின்கதை உண்டு. 1987இல் இலங்கைக்குப் போன அமைதிப்படையின் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். ரைஃபிள் – நீளம், கனம், 20 தோட்டா, ஒவ்வொன்றாகத்தான் சுடும். எதிரே புலிகளிடம் 30 தோட்டா போட்டு சரமாரியாகச் சுடும் ஏ.கே. வகை. பனைத்தோப்பிலும் ஒழுங்கையிலும் 50 மீட்டருக்குள் நடக்கிற சண்டையில் எஸ்.எல்.ஆரின் நீண்ட தூரக் குறியால் என்ன பயன்? அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் ஒரு லட்சம் ஏ.கே. வகைத் துப்பாக்கிகளை அவசரமாக வெளியிலிருந்து வாங்கினார்கள். காஷ்மீரில் இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க ஆளில்லை.

டேவர் 2002இல் ஆர்டர் கொடுத்தது, 3,000க்கும் மேல். மேகசின் (தோட்டாப் பெட்டி) டிரிக்கருக்குப் பின்னால் இருக்கும் அமைப்பு, அதனால் குழலை வெட்டாமலேயே துப்பாக்கி குட்டையாகிவிடும். ஹெலிகாப்டரிலிருந்து குதிப்பவருக்கு வசதி. முதலில் வந்தவை நம் ஆட்களுக்குத் திருப்தியாக இல்லை, மாற்றங்கள் செய்து மறுபடி சோதித்துத்தான் எடுத்தார்கள். வருடக்கணக்கில் இழுத்தது.

வெளிநாடு, உள்நாடு என்பதை விட எனக்கு எரிச்சல் தருவது இந்த இழுத்தடிப்புதான். சாதாரணக் காலாட்படையின் கையில் இன்னமும் ஸ்டெர்லிங்கின் நகலான 9 மி.மீ. கார்பைன் (குட்டைத் துப்பாக்கி) இருக்கிறது, மேலே சொன்ன திறந்த போல்ட் வகை. அதை மாற்ற டெண்டர் போடுவார்கள், ஒரே கம்பெனிதான் தேறியது என்று ரத்து செய்வார்கள், மறுபடி போடுவார்கள். 2018இல் எமிரேட்ஸின் கராகால் கம்பெனியைத் தேர்வு செய்து, 93,895 கார்பைன் என்று எண்ணிக்கை வரை பேசி, 2020இல் அதையும் கைவிட்டார்கள். சிறப்புப் படைகளுக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கிறது என்றால் அவர்கள் கேட்பது சில நூறு, சில ஆயிரம் என்பதால்தான்.

கேள்வி: கருவி கோளாறால் ஒரு கமாண்டோ நடவடிக்கையே தோற்றதுண்டா? மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.
– பள்ளி ஆசிரியை, கோவில்பட்டி

உண்டு டீச்சர், அதுவும் பெரிய தோல்வி. டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணைக்கைதிகளாக இருந்தபோது 1980 ஏப்ரல் 24ஆம் தேதி இரவு அவர்களை மீட்கப் போனார்கள். டெல்டா படை அப்போது புதிது, பொறுக்கி எடுத்த ஆட்கள், துப்பாக்கியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர்களைச் சுமக்க எடுத்த ஹெலிகாப்டர் கடற்படையின் ஆர்.எச்.53 – கடலில் கண்ணிவெடி அகற்றுகிற வேலைக்காகச் செய்தது. தூரம் போகும், விமானந்தாங்கிக் கப்பலில் மடித்து வைக்கலாம், கப்பலில் நின்றால் யாருக்கும் சந்தேகம் வராது. இதனால்தான் அதை எடுத்தார்கள். இரவில், தாழ்வாக, பாலைவனத்தின் மேல் நூற்றுக்கணக்கான மைல் போவது அதன் வேலையே இல்லை.

எட்டு புறப்பட்டன. குறைந்தது ஆறு வேண்டும். ஒன்றில் இறக்கை விரிசல் எச்சரிக்கை விளக்கு எரிந்து, நடுவழியில் இறக்கிக் கைவிட்டார்கள். ஒன்று புழுதிப் புயலில் மாட்டித் திரும்பிப் போயிற்று. மூன்றாவது வந்து சேர்ந்தது, ஹைட்ராலிக் போய்விட்டது. மிச்சம் ஐந்து. ஒரு எதிரியைக்கூடப் பார்க்காமல் திட்டத்தை ரத்து செய்தார்கள். கிளம்பும்போது கிளம்பிய புழுதியில் கண் தெரியாமல் ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் ஏற்றிய விமானத்தின் மேல் மோதி, எட்டுப் பேர் அங்கேயே எரிந்து இறந்தார்கள்.

அதன் பிறகு அமெரிக்கா இரண்டு காரியம் செய்தது. சிறப்புப் படைகளை ஏற்றிச் செல்வதற்கென்றே தனி ஹெலிகாப்டர் பிரிவு. 1987இல் சிறப்புப் படைகளுக்குத் தனித் தலைமை, அதற்கென்று தனி பட்ஜெட், தனக்கு வேண்டியதைத் தானே வாங்கும் அதிகாரம். மேலே சொன்ன ஸ்கார் கதையெல்லாம் அதனால் வந்ததுதான்.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 1991 வளைகுடாப் போரில் ஈராக்குக்குள் இறங்கிய எட்டுப் பேர் கொண்ட எஸ்.ஏ.எஸ். குழுவுக்குக் கொடுத்த வயர்லெஸ் அலைவரிசைகள் தவறானவை. உதவிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், யாருக்கும் எட்டவில்லை. மூன்று பேர் இறந்தார்கள், நான்கு பேர் பிடிபட்டார்கள், ஒருவர் மட்டும் நடந்தே சிரியா போய்ச் சேர்ந்தார்.

கேள்வி: 26/11 அன்று என்.எஸ்.ஜி. தாமதமாக வந்ததற்கு ஆயுதப் பற்றாக்குறையா காரணம்?
– ஆட்டோ ஓட்டுநர், சென்னை

ஆயுதம் இருந்தது, விமானம் இல்லை. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியபோது கமாண்டோக்கள் டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில் தயார். அவர்களைச் சுமக்கிற பெரிய ஐ.எல்.76 விமானம் சண்டிகரில் நின்றது. அது டெல்லிக்கு வந்து, ஆட்களை ஏற்றி, மும்பை போய் இறங்கும்போது விடியற்காலை. விமான நிலையத்திலிருந்து தாக்குதல் நடந்த இடங்களுக்குப் போனது பஸ்ஸில். அதற்குப் பிறகுதான் 2009இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் என்.எஸ்.ஜி. கிளைகள் வந்தன. உங்கள் ஊரிலேயே இப்போது இருக்கிறார்கள்.

கேள்வி: இருட்டில் பார்க்கும் நான்கு கண் கருவி உண்மையா, கிராஃபிக்ஸா?
– பத்தாம் வகுப்பு மாணவி, ஈரோடு

உண்மைதான் பாப்பா. சாதாரண இரட்டைக் குழாய்க் கருவியில் 40 டிகிரி அகலம்தான் தெரியும், பக்கத்தில் ஆள் நின்றாலும் தலையைத் திருப்பினால்தான் உண்டு. நான்கு குழாய் வைத்ததில் 97 டிகிரி. 2011இல் அபோட்டாபாத்தில் பின் லேடன் வீட்டுக்குள் போன சீல் வீரர்கள் இதை மாட்டியிருந்தார்கள். ஆனால் அன்று முதல் சிக்கல் எதில் வந்தது தெரியுமா? மதில் சுவரில். ஒத்திகைக்குக் கட்டிய மாதிரி வீட்டில் மதிலுக்குப் பதில் கம்பி வேலி போட்டிருந்தார்கள், ஹெலிகாப்டர் கீழே தள்ளும் காற்று வேலி வழியாக வெளியேறிவிட்டது. நிஜ வீட்டில் உயரமான கெட்டிச் சுவர். காற்று போக இடமில்லாமல் உள்ளேயே சுழன்று, ஹெலிகாப்டர் தாங்காமல் முற்றத்தில் விழுந்தது. நல்ல வேளையாக யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

கேள்வி: கமாண்டோ தனக்குப் பிடித்த பிஸ்டலைத் தானே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– போலீஸ் தேர்வுக்குப் படிப்பவர், விழுப்புரம்

சொந்தமாக வாங்கி வர முடியாது, படை வைத்திருப்பதில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் படை எதை வைத்திருக்கும் என்பதில் வீரர்களின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. 1980களில் சீல் வீரர்கள் பெரெட்டா பிஸ்டலால் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகும்போது அதன் மேல் தகடு உடைந்து பின்னால் பறந்து முகத்தைக் கிழித்தது. அவர்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டு சிக் பி226க்குப் போனார்கள், பல வருடம் கழித்து குளோக் 19க்கு. பிரான்ஸின் ஜி.ஐ.ஜி.என். கமாண்டோ படை ஒரு படி மேலே போய், உலகமே பிஸ்டலுக்கு மாறிய பிறகும் மனுரின் ரிவால்வரை விடவில்லை. தினம் தினம் சுட்டுத் தள்ளினாலும் தேயாத மாதிரி செய்த உருக்கு அது. 

கையுறை, துப்பாக்கி வார், பூட்ஸ் இவற்றில் மட்டும் ஆளாளுக்கு ஒரு பிடிவாதம், அதைப் படைகளும் கண்டுகொள்வதில்லை. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸில் தண்ணீர் புகுந்து கால் அழுகிப்போகும் நிலை வந்தது, பலர் பிடிபட்ட அர்ஜென்டினாக்காரர்களின் பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: வீட்டு மாடியில் ஏர்கன் வைத்துப் பழகினால் சிறப்புப் படையில் சேர உதவுமா?
– அதே திண்டுக்கல் மாணவர், இரண்டாவது கடிதம்

மாடியில் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார். கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் சேருங்கள், .22 ரைஃபிளால் முறையாகச் சுடச் சொல்லித் தருவார்கள். அது இல்லையென்றால் மாவட்ட ரைஃபிள் கிளப். அதோடு தினம் ஓடுங்கள், நீச்சல் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள். பாரா படைத் தேர்வில் முதலில் கழித்துக்கட்டுவது முதுகுச் சுமையோடு ஓடவிட்டுத்தான்.